இருநூற்று ஏழாம் இடம்

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஆறடி அகலம், ஒன்பதடி நீளம். ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் பன்னிரண்டு திரைகள், ஒரு தொலைபேசி, ஓயாமல் முனகும் ஒரு மின்விசிறி. ஆஸ்பத்திரியை ஒட்டிய ஐந்து மாடி கார் நிறுத்தத்தில், தரைக்குக் கீழே இரண்டாவது தளத்தில் அது இருக்கிறது. கதவு அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். உள்ளே போக மட்டுமல்ல, வெளியே வரவும் அட்டை வேண்டும். முதல்முறை அங்கே போனபோது, இப்படியோர் அறையில் ஒரு நோயாளியைப் படுக்க வைத்தால் மூன்றே நாளில் அவருக்குப் பகல் எது இரவு எது என்று குழம்பிவிடும் என்று நினைத்தேன். காலி அங்கே ஒன்பது வருடமாக உட்கார்ந்திருந்தான்.

காலி என்பது பட்டப்பெயர். அதற்கு முன்னால் வாசலில் விசிலோடு நின்ற காலத்தில், வரும் கார்களுக்கெல்லாம் உள்ளங்கையைக் காட்டி "காலி இல்ல, காலி இல்ல" என்று கத்திக்கொண்டிருப்பானாம். பெயர் ஒட்டிக்கொண்டது. அப்போது ஒன்பது பேர் இருந்தார்கள். தளத்துக்குத் தளம் நடந்து, எத்தனை இடம் மிச்சம் என்று எண்ணி, சாக்பீஸால் பலகையில் எழுதுவது அவர்கள் வேலை. பிறகு சென்சார் வந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் மேலே கூரையில் உள்ளங்கை அளவு பெட்டி. கீழே ஏதாவது நின்றால் அதன் விளக்கு சிவப்பு, எதுவும் இல்லையென்றால் பச்சை. வாசல் பலகை தானாக எண்ணைக் காட்டியது. எட்டுப் பேரை அனுப்பிவிட்டார்கள். காலியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். காரணம், எந்தச் சென்சார் பொய் சொல்லும் என்று அவனுக்குத்தான் தெரியும்.

"எல்லாமே எந்திரம்தானேன்னு நினைக்காதீங்கக்கா. நாப்பத்தொண்ணு மழை பேஞ்சா உளறும். நூத்திப் பதினாறு காலையில ஒழுங்கா இருக்கும், மதியம் சூடு ஏறினதும் புத்தி மாறிடும். முந்நூத்தி அறுபதுக்குச் சின்ன வண்டின்னா கண்ணு தெரியாது" என்று ஒருநாள் சொன்னான், வார்டில் உள்ளவர்களைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

அவன் வேலை இதுதான்: சென்சார் ஒன்று சொல்லும், கேமரா வேறொன்றைக் காட்டும். எது உண்மை என்று பார்த்து, தவறான விளக்கைக் கையால் மாற்ற வேண்டும். கையால் சிவப்பாக்கிய இடம் அவனே மாற்றும் வரை, இல்லையென்றால் அன்றைய நாள் முடியும் வரை சிவப்பாகவே இருக்கும். நோட்டில் எழுதி வைக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் மணி அடிக்கும். பொத்தானை அழுத்தி, நாற்காலியில் ஆள் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அழுத்தாவிட்டால் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வரும். நானூறு இடங்களைக் கண்காணிக்கிறவனை அந்தப் பொத்தான் கண்காணித்தது.

எனக்கு அவனைத் தெரிந்தது அவன் மாமியார் மூலமாக. நான் வீட்டிலேயே நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள். முப்பத்தொரு வருடமாக இதே தொழில். காலியின் மனைவியும் இதே பயிற்சி முடித்தவள்தான். மூன்று வருட ஒப்பந்தத்தில் வேறொரு நாட்டில் வேறொரு கிழவியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். தன் அம்மாவைக் குளிப்பாட்ட என்னை அமர்த்தியிருந்தாள். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. தொழில் அப்படித்தான் போகிறது.

கார் நிறுத்தத்தின் பின்சுவரை ஒட்டி ஊழியர்களுக்கென்று ஒன்பது வீடுகள் வரிசையாக இருந்தன. ஓர் அறை, ஒரு சமையலறை, எதிரே சுவர். எட்டு வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஒன்பதாவதில் காலியும் அவன் மாமியாரும். வேலை இருக்கும் வரை வீடு, வேலை போனால் வீடும் போகும். மனைவி திரும்பி வர அப்போது பதினான்கு மாதம் இருந்தது. அதுவரை இந்தக் கிழவியும் இந்த வீடும் இந்த வேலையும் ஒன்றை விட்டு ஒன்று நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவனுக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

கிழவிக்கு எழுபத்தெட்டு வயது. எலும்பு கெட்டி. ஞாபகம்தான் இல்லை. முப்பது வருடம் ஒரு தையல் ஆலைக்குப் பஸ்ஸில் போய் வந்தவள். மதியம் மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடியும். அந்த மூன்று மணி மட்டும் அவள் உடம்புக்குள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. மூன்றானால் எழுந்து, பையைத் தேடி, வீட்டுக்குப் போக வேண்டும் என்பாள். இதுதான் வீடு என்றால், "யார் வீடு? எனக்கு மூக்குத் தெரியாதா? இங்க டீசல் நாத்தம் அடிக்குது" என்பாள். அவள் சொன்னது சரிதான்.

நான் காலை ஏழு முதல் ஒரு மணி வரை இருப்பேன். சாப்பாடு கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி நான்காவது மாடியில் இடுப்பெலும்பு முறிந்த ஓர் அம்மாளைப் பார்க்கப் போவேன். காலிக்கு ஐந்து மணி வரை வேலை. இடையில் நான்கு மணி நேரம் கிழவி தனியாக இருப்பாள். ஒருநாள் அவள் எழுந்து போய், கார்கள் மேலேறும் சரிவுப் பாதையின் நடுவில் நின்றிருக்கிறாள். ஒரு வண்டி ஒரு முழத் தூரத்தில் பிரேக் போட்டது. மறுநாள் முதல் காலி கதவை வெளியே பூட்ட ஆரம்பித்தான்.

பூட்டினால் நான் வரமாட்டேன் என்றேன். பூட்டிய வீட்டில் கிழவிகள் என்ன ஆவார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். தாழ்ப்பாளில் நகம் பெயர்ந்திருக்கும். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

"பூட்டலேன்னா வண்டியில அடிபடுவாங்க. பூட்டினா நீங்க வரமாட்டேங்கறீங்க. நான் மூணு மணிக்கு ரெண்டு துண்டா வெட்டிக்கிட்டா ஒரு துண்டு இங்க, ஒரு துண்டு அங்க உக்காரலாம். வேற வழி சொல்லுங்கக்கா" என்றான்.

மூன்று நாள் கழித்து அவனே ஒரு வழி கொண்டுவந்தான்.

இரண்டாம் தளத்தில் இருநூற்று ஏழாம் இடம் என்று ஒன்று இருந்தது. மேலே குழாய் ஒழுகியதால் அங்கே வண்டி நிறுத்துவதை நிறுத்திவிட்டார்கள். அதன் சென்சார் சும்மா தொங்கியது. மாதம் ஒருமுறை பழுது பார்க்க வரும் மெக்கானிக்கைப் பிடித்து, அதைக் கழற்றி, கிழவியின் கட்டிலுக்கு மேலே கூரையில் மாட்டச் சொன்னான். படுத்திருந்தால் சிவப்பு, எழுந்தால் பச்சை. நிலவறையில் உட்கார்ந்தபடியே திரையின் வரைபடத்தில் அவன் பார்க்கலாம். வாசல் பலகையின் எண்ணிக்கையில் சேராதபடி மெக்கானிக் அந்த இடத்தைத் தனியாக ஒதுக்கிவிட்டார்.

"படுத்த இடத்துக்கே நம்பர் குடுத்தாச்சு. இனி உங்க மாமியாருக்கு ஒரு நம்பர் பிளேட்டு எழுதி மாட்டினா வேலை முடிஞ்சது" என்றார் அவர், ஏணியில் நின்றுகொண்டு.

கிழவி படுத்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னத்த மாட்டுறீங்க மாப்பிள்ளை?"

"கொசு விரட்டுறது அத்தை."

"கொசு இங்க கீழதான கடிக்குது. நீங்க அங்க மாட்டுறீங்க."

நான் பாராட்டவில்லை. அது ஏதோ ஒன்று கட்டிலில் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், மூச்சு இருக்கிறதா என்று சொல்லாது என்றேன். தலையணையைக் குவித்தாலும் சிவப்பு எரியுமே என்று கேட்டேன். "தலையணை பத்தாது, போட்டுப் பாத்துட்டேன். ஆளு படுத்தாதான் எரியும்" என்றான். முதல்முறையாக அவன் முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது. பூட்டு போய்விட்டது. நானும் தொடர்ந்து வந்தேன்.

நான்கு மாதம் ஓடியது. மூன்று மணிக்கு இருநூற்று ஏழு பச்சையாகும். காலி பொத்தானை அழுத்திவிட்டு, அட்டையைக் காட்டி, படியேறி, பின்வாசல் வழியாக ஓடுவான். கிழவி அப்போதுதான் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பாள். இன்றைக்கு பஸ் வராது, ஸ்டிரைக் என்று சொல்லிப் படுக்க வைத்துவிட்டுத் திரும்புவான். போக வரப் பதினோரு நிமிடம். அடுத்த மணி அடிப்பதற்குள் நாற்காலியில் இருப்பான். இளைத்துவிட்டான். படி ஏறி இறங்கியதில் முழங்கால் வீங்கியது. நான் எண்ணெய் தேய்க்கச் சொன்னேன், நேரமில்லை என்றான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைமை அலுவலகம், இருந்த இடத்திலிருந்தே எல்லாக் கம்ப்யூட்டர்களையும் புதுப்பித்தது. அதில் மெக்கானிக் ஒதுக்கி வைத்த இடமும் மறுபடி எண்ணிக்கைக்குள் வந்துவிட்டது. யாருக்கும் தெரியாது.

மறுநாள் திங்கட்கிழமை. நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்களுக்கான நேரம். நிறுத்தம் நிரம்பி வழிந்தது. வாசல் பலகையில் பூஜ்யம். வெளியே சாலை வரை வரிசை. வாசலில் ஒருவர் ஹாரனை விடாமல் அடிக்கிறார், மேல்தளத்தில் இரண்டு பேர் ஒரே இடத்துக்குச் சண்டை போடுகிறார்கள், போனில் சூப்பர்வைசர். இந்த நெரிசலில், வரைபடம் முழுக்கச் சிவப்பாக இருக்கும்போது, ஒரே ஒரு புள்ளி பச்சையானது. பலகை ஒன்று என்று காட்டியது.

ஒரு வண்டியும் வெளியே போகவில்லை, ஆனால் ஓர் இடம் பச்சை. அப்படியானால் சென்சார் பொய் சொல்கிறது. ஒன்பது வருடமாக அவன் விரலுக்குத் தெரிந்த பாடம் அது. விரல் போய் அதைச் சிவப்பாக்கியது. பலகை மறுபடி பூஜ்யம். நோட்டை இழுத்து எழுதினான். அந்தப் பக்கத்தை நான் பிறகு பார்த்தேன். அவன் கையெழுத்தில், அழகாக: "3.08. இடம் 207. தவறான பச்சை. சரிசெய்தேன்."

எண்ணைக் கையால் எழுதியும் மனதில் ஏறவில்லை. இதை யாரும் நம்பமாட்டார்கள், நான் நம்புகிறேன். இருபது வருடம் அனுபவமுள்ள நர்ஸ், நோயாளி "எனக்கு வலிக்குது" என்று சொல்லச் சொல்ல, வலி இல்லை என்று எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். கை பழகிவிட்டால் கண் வேலை செய்யாது.

அதன்பிறகு அவன் நிம்மதியாக இருந்தான் என்பதுதான் கொடுமை. இடையில் இரண்டு முறை வரைபடத்தில் இருநூற்று ஏழைப் பார்த்திருக்கிறான். சிவப்பு. அத்தை இன்றைக்கு நன்றாகத் தூங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

பலகை ஒன்று என்று காட்டிய அந்த அரை நிமிடத்தில் ஒரு கார் உள்ளே வந்துவிட்டது. இல்லாத இடத்தைத் தேடி அது தளம் தளமாகச் சுற்றுவதை அவன் திரைகளில் பார்த்தான். பாவம், கடைசியில் வெளியே போய்விடும் என்று விட்டுவிட்டான். மூன்று இருபத்தைந்துக்கு அது ஏழாவது கேமராவின் கீழே திரும்பியது. பின் சீட்டில் ஒரு கிழவி. முன் சீட்டின் மேல்விளிம்பைப் பஸ்ஸில் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். யார் வீட்டு அம்மாவோ என்று நினைத்தான். கார் அடுத்த கேமராவுக்கு வந்தது. கிழவியின் தலையில் ஒரு வெள்ளைத் துண்டு, இடது காதுக்கு மேலே முடிச்சு.

அந்த முடிச்சு என்னுடையது. குளித்த தலைக்கு நான் அப்படித்தான் கட்டுவேன், பின்னால் கட்டினால் படுக்கும்போது உறுத்தும். சாயங்காலம் வரை அவள் அதை அவிழ்க்க விடமாட்டாள்.

காலி வரைபடத்தைப் பார்த்தான். இருநூற்று ஏழு சிவப்பு. திரையைப் பார்த்தான். துண்டு. பிறகு நோட்டைப் பார்த்தான்.

கார் வெளியே போகும் வாசலை நோக்கித் திரும்பியிருந்தது. அந்த வாசல் தாண்டினால் பெருஞ்சாலை. வண்டி எண்ணை எழுதலாம், போலீசுக்குச் சொல்லலாம், அதெல்லாம் பிறகு. அவன் இரண்டு வாசல்களின் தடுப்புக் கம்புகளையும் கீழே இறக்கி, எழாதபடி நிறுத்தினான். நானூற்றுச் சொச்சம் கார்களும் உள்ளே மாட்டிக்கொண்டன. வெளியே நின்ற வரிசையும் மாட்டிக்கொண்டது. மணி அடித்தது. பொத்தானை அழுத்தாமல் எழுந்து ஓடினான். ஓடிக்கொண்டே எனக்கு போன் செய்தான். வாசலுக்கு வாங்கக்கா என்று மட்டும் சொன்னான். நான் என் இடுப்பெலும்பு அம்மாளை அவர் மகளிடம் ஒப்படைத்துவிட்டு லிஃப்டில் இறங்கினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது தடுப்புக்கு முன்னால் ஏழெட்டு வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. முதல் காரின் கதவைப் பிடித்தபடி காலி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். காரோட்டி ஓர் இளைஞர். மனைவிக்கு அன்று காலை பிரசவம் ஆகியிருந்தது. அவர் மடியில் ஒரு சுடுநீர்க் குடுவை.

"உங்க அம்மாவாண்ணே? நடுவுல நின்னாங்களேன்னு நிறுத்தி வழி கேட்டேன். கதவத் திறந்து ஏறி உக்காந்துட்டாங்க. ரெண்டாவது ஸ்டாப்புல இறக்கி விடுன்னு ஒரே பிடிவாதம். இறங்குங்கம்மான்னா, சில்லறை இல்லைங்கறாங்க" என்றார். பிறகு அவருக்குத் தன் கோபம் ஞாபகம் வந்தது. "அதுசரி, போர்டுல ஒண்ணு காலின்னு போட்டிருந்துச்சே. இருபது நிமிஷமா சுத்துறேன். அந்த ஒண்ணு எங்கண்ணே இருக்கு?"

அந்த ஒன்று பின் சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நான் கதவைத் திறந்தேன். நாடி பார்த்தேன், சரியாக இருந்தது. காலில் ஒரு சிராய்ப்பு. "ஸ்டாப்பு வந்துடுச்சு, இறங்குங்க" என்றேன். உடனே இறங்கினாள். இறங்கியதும் மருமகனைப் பார்த்து, "ஏன் மாப்பிள்ளை இப்படி வேர்த்திருக்கு? பஸ்ஸு பின்னாடியே ஓடி வந்தீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா அத்தை" என்றான்.

தடுப்பு பன்னிரண்டு நிமிடம் மூடியிருந்தது. அறையில் போன் பதினான்கு முறை அடித்திருந்தது. அடுத்த வாரம் விசாரணை வைத்தார்கள். மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்களாம். நிறுவனத்தின் சென்சார் எப்படி வீட்டுக் கட்டிலுக்கு மேலே போனது, நாற்காலியை ஏன் காலியாக விட்டாய், தடுப்பை யார் உத்தரவில் நிறுத்தினாய். அவன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். மெக்கானிக்கை மட்டும் காட்டிக்கொடுக்கவில்லை, தானே மாட்டியதாகச் சொன்னான்.

விசாரணை முடிந்து வந்தவன் வீட்டு வாசலில் உட்கார்ந்தான். கையில் ஒரு காகிதப் பொட்டலம். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். எந்த இல்லத்தில் கிழவிக்கு இடம் கிடைக்கும் என்று மனதுக்குள் பட்டியல் போட ஆரம்பித்திருந்தேன்.

"அனுப்பலக்கா. எச்சரிக்கையோட விட்டுட்டாங்க. எது பொய் சொல்லும்னு தெரிஞ்ச ஆளு வேற இல்லையாம்."

நல்லதாகப் போயிற்று என்றேன். அவன் முழங்காலைத் தடவிக்கொண்டான்.

"படியேறி ஓடுறப்ப என்ன நினைச்சேன் தெரியுமா? அத்தைக்கு ஏதும் ஆகிடக் கூடாதுன்னு நினைச்சேன். அதோட சேத்து இன்னொண்ணும் நினைச்சேன். இதோட இந்த நாற்காலி போச்சு, விட்டுதுன்னு நினைச்சேன். போச்சுன்னா இந்த வீடும் போயிடும், அத்தைய வச்சுக்கிட்டு நடுத்தெருவுல நிக்கணும், அதெல்லாம் தெரியும். தெரிஞ்சும் கால் லேசா இருந்துச்சுக்கா. முழங்கால் வலிக்கவே இல்ல."

பொட்டலத்தில் என்ன என்று கேட்டேன். பிரித்துக் காட்டினான். புதுப் பூட்டு, மூன்று சாவிகளோடு. நிறுவனம் கொடுத்தது. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். சென்சாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்கு வர வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

பூட்டினால் நான் வரமாட்டேன் என்பதை அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். பிறகு அந்த அறையைப் பற்றி யோசித்தேன். ஆறடி, ஒன்பதடி. இன்னொரு நாற்காலி போடலாம். வெளியாட்கள் வரக் கூடாது என்று கதவில் எழுதியிருந்தது. ஆனால் ஒன்பது வருடத்தில் மேலிடத்தார் யாரும் படியிறங்கி வந்ததில்லை. அவர்களுக்குப் பொத்தான் போதும். அட்டை இல்லாமல் அந்தக் கதவு உள்ளிருந்தும் திறக்காது. சரிவுப் பாதைக்குக் கிழவி போக முடியாது, அவனும் படியேறி ஓட வேண்டியதில்லை. பூட்டுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். உள்ளே இன்னோர் ஆள் இருக்கிறது, அது ஒன்றுதான் வித்தியாசம். என் தொழிலில் அது போதுமான வித்தியாசம்.

எட்டு மாதமாக இப்படித்தான் நடக்கிறது. ஒரு மணிக்கு சாப்பாடு முடிந்ததும், பையை அவள் கையில் கொடுத்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கீழே கூட்டிப்போகிறேன். கைப்பிடி வைத்த நாற்காலி, முதுகுக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒரு மணை. கழிப்பறை பக்கத்திலேயே இருக்கிறது. டீசல் நாற்றத்தைப் பற்றி இப்போது அவள் புகார் சொல்வதில்லை, பஸ்ஸில் அது இருக்கத்தானே செய்யும். இருநூற்று ஏழின் சென்சார் பழைய இடத்துக்கே போய்விட்டது. ஒழுகும் குழாய்க்கடியில், தானாக விட்டால் எப்போதும் பச்சையாகவே எரியும். காலி தினமும் காலையில் வந்ததும் அதைக் கையால் சிவப்பாக்குகிறான், ஆனால் எண்ணை வாய்விட்டுப் படித்த பிறகுதான் இப்போதெல்லாம் விரலை வைக்கிறான்.

போன மாதம் அவன் மனைவி ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கொண்டாள். அங்கே அந்தக் கிழவி இவளை விடமாட்டேன் என்கிறாளாம். இதைச் சொல்லிவிட்டு, நாள் எண்ணி வந்த நாட்காட்டியைக் காலி சுவரிலிருந்து கழற்றி மேசைக்குள் வைத்துவிட்டான்.

மூன்று மணிக்கு என்ன ஆகிறது என்று பார்க்க ஒருநாள் நான் அங்கேயே இருந்தேன். மூன்றானதும் கிழவி நிமிர்ந்து உட்கார்ந்து, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு திரைகளிலும் கார்கள் போயின, வந்தன, திரும்பின.

"மாப்பிள்ளை, நம்ம ஸ்டாப்பு வந்துடுச்சா?"

"இன்னும் வரல அத்தை."

மூன்று நிமிடம் கழித்து அதையே கேட்டாள். அவனும் அதையே சொன்னான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், குரல் கொஞ்சமும் மாறாமல். ஐந்து மணி வரை இப்படித்தான் போகும் என்றான். மணி அடித்தது, பொத்தானை அழுத்தினான்.

என் நோயாளிக்கு மருந்து நேரம் நெருங்கியது. கதவைத் திறந்துவிடச் சொல்லி இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. அட்டையைக் காட்டினான். நான் வெளியே வந்தேன், கதவு தானாகச் சாத்திக்கொண்டது.